நாலு மில்லி ரத்தம், மூணு தலைமுறை: பரம்பரைப் புற்றுநோய்ச் சோதனை, நெல்லையிலிருந்து ஒரு மதிப்பீடு

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை பக்கம் ரத்தம் வாங்கி அனுப்புகிற பெருநகர லேப்கள் ‘பரம்பரைப் புற்றுநோய் பேனல்’ என்று, புற்றுக்கு வழிவைக்கும் பல மரபணுக்களை ஒரே தடவையில் வாசிக்கிற ஒரு சோதனையைச் செய்துகொடுக்கின்றன. ரத்தம் இங்கே, சோதனை வெளியூரில், மூன்று நாலு வாரத்தில் பிடிஎஃப்பில் ரிப்போர்ட். சோதனைக்கு முன்னும் பின்னும் ஜெனடிக் கவுன்சிலர் (மரபணு ஆலோசகர்) ஒருவர் போனிலோ வீடியோவிலோ பேசுவார். அதுவும் கட்டணத்தில் சேர்த்தி, அல்லது சேர்த்தியாக இருக்க வேண்டும். இது ஒரு கம்பெனியைப் பற்றிய மதிப்பீடு அல்ல. இந்தச் சேவை இந்த ஊரில் எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது, காசு கொடுப்பவர் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது மட்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மெஷின் பக்கம் பெரிய குறை இல்லை. லேப்களின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் உள்ள லேப் என்றால் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசிக்கிற வேலை ஒழுங்காகவே நடக்கும். சொதப்பல் எல்லாம் ஊசி குத்துவதற்கு முந்தின அரை மணி நேரத்தில்தான். யாருடைய ரத்தம், என்ன கேள்விக்காக, வீட்டில் யாருக்கு என்ன வந்தது என்ற மூன்றும் தெளியாமல் குழாயை அனுப்பினால், வருகிற பதில் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் நமக்கு உதவாது.

எல்லாருக்குமான சோதனையும் அல்ல இது. நூறு புற்றுநோயில் ஐந்து முதல் பத்துதான் பிறவியிலேயே வந்த மரபணுக் கோளாறால் வருவது. வெற்றிலையோடு புகையிலை போட்ட தாத்தாவுக்கு வாயில் வந்ததை வைத்துக்கொண்டு பேரன் பேனல் எடுக்க ஓட வேண்டாம். சோதனை எடுத்தே ஆக வேண்டியவர்கள் வேறு: 50 வயதுக்குள் மார்பகப் புற்று வந்தவர், எந்த வயதானாலும் சினைப்பைப் புற்று அல்லது கணையப் புற்று வந்தவர், ‘டிரிபிள் நெகடிவ்’ (ஈஆர், பிஆர், ஹெர் 2 மூன்றும் இல்லாத மார்பகப் புற்று) என்று பயாப்சியில் எழுதப்பட்டவர், இரண்டு மார்பிலும் வந்தவர், மார்பகப் புற்று வந்த ஆண், உடம்பெங்கும் பரவிய புராஸ்டேட் புற்று உள்ளவர், இளவயதில் பெருங்குடலிலோ கருப்பை உள்சுவரிலோ வந்தவர். சினைப்பை வரிசையில் வீட்டில் வேறு யாருக்கும் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. ‘எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே’ என்று அந்தச் சோதனையைத் தட்டிக்கழிப்பது அடிக்கடி நடக்கிறது.

அதிகம் நடக்கிற தப்பு, நோய் வந்தவரை விட்டுவிட்டு நோய் வராதவரின் ரத்தத்தை எடுப்பது. அக்காவுக்கு 38 வயதில் மார்பில் வந்திருக்கும். கீமோ ஓடிக்கொண்டிருக்கும். ‘அவளைப் போய் இன்னும் ஒரு தடவை குத்தணுமா’ என்று தங்கச்சியைக் கூட்டிவருவார்கள். தங்கச்சிக்கு ‘ஒன்றும் இல்லை’ என்று வரும், வீடே நிம்மதியாகும். அந்த நிம்மதிக்கு ஆதாரம் கிடையாது. அக்காவிடம் ஒரு கோளாறு இருந்து அது தங்கச்சிக்கு வராமல் போயிருக்கலாம். அக்காவின் நோய்க்குக் காரணம் பேனலில் இல்லாத வேறு ஒன்றாகவும் இருக்கலாம், அப்படியானால் தங்கச்சிக்கும் அது இருக்க இடமுண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்த ரிப்போர்ட்டால் முடியாது. அக்காவுக்கு முதலில் எடுத்து, கோளாறு இன்ன எழுத்தில் என்று தெரிந்த பிறகு தங்கச்சிக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் ஆம் அல்லது இல்லை என்று உறுதியான பதில் வரும், பேனலைவிடச் செலவும் குறைவு. கீமோ ஓடும்போது ரத்தம் கொடுக்கத் தடை இல்லை. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் மட்டும் தேதியைச் சொல்ல வேண்டும், லேப் சில வாரம் பொறுக்கச் சொல்லலாம். எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவருக்கு ரத்தமே உதவாது. ஓடுவது கொடுத்தவரின் மரபணு, அவர்களுக்குத் தோலிலிருந்து திசு எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும்.

கவுன்சிலர் இதைக் கேட்காமலே பணம் கட்டும் லிங்க்கை அனுப்பினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது குடும்பப் படம். மூன்று தலைமுறை, அம்மாவழி அப்பாவழி இரண்டும், ஒவ்வொருவருக்கும் என்ன புற்று, எந்த வயதில். லேப் ஃபாரத்தில் இதற்கு ஆறு கோடு விட்டிருப்பார்கள். அதில் பாதியை ‘இல்லை’ என்று எழுதி முடித்துவிடுவது ஊர் வழக்கம். மொத்தச் சேவையிலும் மிகப் பலவீனமான இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

வீட்டுச் சொல் ஒன்று, நோய் வேறொன்று. ‘வயித்துல கட்டி வந்து, தண்ணி கோத்து, மூணு மாசத்துல போயிட்டாவ’ என்று ஆச்சியைப் பற்றிச் சொன்னால் அது சினைப்பையாக இருக்கலாம், கல்லீரலாக இருக்கலாம், குடலாக இருக்கலாம், காசநோயாகக்கூட இருக்கலாம். ‘கர்ப்பப்பைக் கேன்சர்’ என்பது இன்னும் குழப்பம். கர்ப்பப்பை வாயில் வருவது பெரும்பாலும் ஹெச்பிவி வைரஸால், பரம்பரைக் கணக்கில் சேராது. உள்சுவரில் வருவது, குடலுக்கும் கருப்பைக்கும் புற்று கொண்டுவரும் லிஞ்ச் எனப்படும் பரம்பரைக் கோளாறின் முக்கிய அடையாளம். ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர். ஒரு துப்பு உண்டு: ஆபரேஷன் செய்யாமல் ‘கரண்ட்’ (கதிர்வீச்சு) மட்டும் வைத்தார்கள் என்றால் கர்ப்பப்பை வாய்ப் பகுதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். துப்பு துப்புதான், சீட்டு கிடைத்தால் சீட்டை நம்ப வேண்டும்.

வயது கேட்டால் ‘ஒரு நாப்பது இருக்கும்’ என்பார்கள். 40-க்கும் 55-க்கும் இங்கே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நேரடியாகக் கேட்காமல் சம்பவத்தை வைத்துக் கேட்டால் கிடைத்துவிடும். 1992-ல் தாமிரபரணி வெள்ளம் வந்தபோது உயிரோடு இருந்தாவளா? கடைசி மகளுக்கு அப்போ பள்ளிக்கூடமா, கல்யாணம் ஆயிட்டா? இரண்டு கேள்வியில் வயது ஐந்து வருடத்துக்குள் வந்து நிற்கும்.

‘கர்ப்பப்பையை எடுத்தாச்சு’ என்ற பதிலோடும் நிறுத்தக் கூடாது. சினைப்பையையும் எடுத்தார்களா, விட்டுவிட்டார்களா என்பது டிஸ்சார்ஜ் சம்மரியிலும் பேத்தாலஜி ரிப்போர்ட்டிலும்தான் இருக்கும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் குழாயைக் கட்டுவார்கள் அல்லது வெட்டுவார்கள், சினைப்பை அப்படியே இருக்கும். மூன்றையும் ஒன்றாக நினைத்து ‘எனக்குத்தான் எல்லாத்தையும் எடுத்தாச்சே’ என்று நம்பிக்கொண்டிருக்கும் பெண்கள் நிறையப் பேர்.

அப்பாவழியை விட்டுவிடுவது இன்னொன்று. மார்பகப் புற்று என்றதும் அம்மா, சித்தி, ஆச்சி என்றே மனசு போகும். பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்கிற மரபணுக்கள் (டாக்டர்கள் வாயில் ‘பிராக்கா’) 17-வது, 13-வது குரோமோசோம்களில் இருப்பவை. ஆண் பெண் பேதம் இல்லாமல் கடத்தப்படுபவை. நோயே வராத அப்பா, தன் அம்மாவிடமிருந்து வாங்கியதை மகளிடம் சேர்த்திருப்பார். அத்தைகளைக் கேட்காத படம் பாதிப் படம்.

சொந்தத்தில் கல்யாணம் என்பதைக் கவுன்சிலர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள், ‘ஆம், இல்லை’ என்று ஒரு டிக்கோடு. அது போதாது. அப்பா தன் அக்கா மகளையே கட்டியிருந்தால், பிள்ளைக்கு அந்த அக்கா அத்தையும் ஆச்சியும். ஃபாரத்தில் ‘அத்தைக்கு மார்பு, ஆச்சிக்கு மார்பு’ என்று இரண்டு நோயாளியாக ஏறிவிடும், உண்மையில் ஆள் ஒன்று. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு ஆபத்தைக் கூட்டிக் காட்டும். ஆகவே உறவுமுறையைச் சொல்லாமல் பெயரைச் சொல்லி, ஒரு ஆளுக்கு ஒரு வட்டம் என்று வரையச் சொல்ல வேண்டும். இன்னொரு விஷயம் இதைவிடக் கனமானது. கணவன் மனைவி இருவரும் ஒரே கோளாறைச் சுமந்தால் பிள்ளைக்கு இரண்டு பிரதியும் கெட்டதாகப் போய்ச் சேர நாலில் ஒரு வாய்ப்பு. பிராக்கா 2-ல் அப்படி நேர்ந்தால் ஃபான்கோனி அனீமியா என்ற கடுமையான ரத்த நோய், லிஞ்ச் மரபணுக்களில் நேர்ந்தால் குழந்தைப் பருவத்திலேயே மூளை, ரத்தம், குடல் புற்றுகள். கோளாறு தெரிந்த குடும்பத்துக்குள்ளேயே அத்தை மகனைப் பேசி முடிக்கிறார்கள் என்றால் மாப்பிள்ளைக்கும் அந்த ஒரு இடத்தைப் பார்ப்பது அவசியம். லேப் தருகிற கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊருக்கென்று எழுதின கையேடா, வேறு எங்கோ எழுதினதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பழைய சீட்டுகள் எங்கே கிடைக்கும்? ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் பார்த்தவர்கள் உண்டு. தென்காசி, அம்பை, வள்ளியூர்ப் பக்கத்தவர் பலர் திருவனந்தபுரம் ரீஜினல் கேன்சர் சென்டருக்குப் போனவர்கள், 1981-ல் வந்த இடம் அது. சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் உண்டு. நோயாளியின் பதிவு எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது, அந்த அட்டை பெரும்பாலும் ரேஷன் கார்டு வைக்கிற பையில் கிடக்கும். தேட வேண்டியது பயாப்சி அல்லது ஹெச்பிஇ (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட். மருந்துச் சீட்டு எதற்கும் உதவாது.

சோதனையைத் தேர்ந்தெடுப்பதில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எந்தெந்த மரபணு என்ற பட்டியலை எழுத்தில் தருவார்களா? பெரிய துண்டு காணாமல் போயிருந்தால், இரட்டித்திருந்தால் அதையும் பார்ப்பார்களா? அதற்கு எம்எல்பிஏ என்றொரு முறை உண்டு, அது இல்லாமலும் சில பேக்கேஜ்கள் விற்கின்றன. கட்டியிலிருந்து எடுக்கிறார்களா, ரத்தத்திலிருந்தா? மூன்றாவதில் ஏமாறுபவர்கள் அதிகம். மருந்து தேர்வுக்காகப் பயாப்சி பிளாக்கில் (மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டு) செய்கிற சோதனையில் பிராக்கா கோளாறு தெரிந்தால் அது கட்டியில் மட்டும் புதிதாக முளைத்ததாக இருக்கலாம், பிறவியிலேயே வந்ததாகவும் இருக்கலாம். ரத்தத்தில் உறுதிசெய்யாமல் அந்தத் தாளைப் பிள்ளைகளிடம் காட்டக் கூடாது. குடல் புற்று என்றால் எடுத்த எடுப்பில் பேனல் வேண்டியதே இல்லை. இருக்கிற பிளாக்கிலேயே எம்எல்ஹெச் 1, எம்எஸ்ஹெச் 2, எம்எஸ்ஹெச் 6, பிஎம்எஸ் 2 என்ற நாலு புரதங்களுக்கு ஐஹெச்சி சாயம் போட்டுப் பார்த்தால் லிஞ்ச் சந்தேகம் உண்டா இல்லையா என்று முதல் வடிகட்டல் கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். மாஸ்டர் செக்கப்போடு ‘கேன்சர் புரொஃபைல்’ என்று விற்பது இந்தச் சோதனை அல்ல. அதில் இருக்கும் சிஏ 125 என்ற ரத்தப் புரத அளவு மாதவிலக்கின்போதும் ஏறும், கல்லீரல் கோளாறிலும் ஏறும், வயிற்றுக் காசநோயில் தாறுமாறாக ஏறும். பரம்பரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ரத்தம் எடுப்பது நன்றாகவே நடக்கிறது. ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில் மூன்று முதல் ஐந்து மில்லி, வெறும் வயிறு தேவையில்லை. எடுத்ததும் குழாயைக் குலுக்காமல் எட்டுப் பத்துத் தடவை மெல்லத் தலைகீழாகத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் கட்டிபட்டு ‘சாம்பிள் ரிஜெக்ட்’ என்று பத்து நாள் கழித்து மெசேஜ் வரும். பச்சை மூடிக் குழாய் கூடாது, அதிலிருக்கும் ஹெப்பாரின் பின்னால் வரும் பிசிஆர் வேலையை, அதாவது மரபணுவைப் பிரதியெடுப்பதை, கெடுக்கும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. சனிக்கிழமை கொடுத்தால் ஞாயிறு முழுக்கக் கூரியர் ஆபீஸ் வெக்கையில் கிடக்கும். சித்திரை வைகாசியில் திங்கள் முதல் புதனுக்குள் காலையிலேயே கொடுத்துவிடுவது நல்லது. எச்சில் கிட் என்றால் முந்தின அரை மணி நேரம் சாப்பாடு, காப்பி, வெற்றிலை, பீடி எதுவும் கூடாது.

லேபிளை நின்று பார்த்துவிட்டு வர வேண்டும். தாத்தா பெயரை நாலு பேரன்மாருக்கும் வைக்கிற ஊர் இது. சுடலைமுத்து மகன் இசக்கிமுத்துவும், அதே வீட்டில் சண்முகம் மகன் இசக்கிமுத்துவும் ஒரே நாளில் குடும்பமாக வந்து ரத்தம் கொடுத்தால், பெயரும் வயதும் மட்டும் எழுதின குழாய் மாறுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. பிறந்த தேதி, தகப்பனார் பெயர், சாம்பிள் எண் மூன்றும் இருக்க வேண்டும். ஆதாரில் உள்ள தேதியை எழுதுங்கள், அசல் தேதி வேறாக இருந்தாலும் பரவாயில்லை. பின்னால் ஒத்துப்பார்க்க அதுதான் கையில் இருக்கும்.

சம்மதப் படிவத்தைப் பத்து நொடியில் கையெழுத்து வாங்குகிறார்கள், இது குறைதான். அதில் மூன்று இடம் முக்கியம். மிச்ச சாம்பிளையும் தகவலையும் ஆராய்ச்சிக்கு எடுக்கலாமா என்ற பெட்டி: வேண்டாம் என்றால் டிக் போடாமல் விடலாம், அதனால் சோதனை நிற்காது. தேடாத இடத்தில் வேறு ஏதாவது தெரிந்தால் சொல்லவா என்ற பெட்டி. ரிப்போர்ட் யாருக்குப் போக வேண்டும் என்ற இடம். இந்தக் கடைசியில் கூட வந்த மச்சான் நம்பரைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் ரிப்போர்ட் வந்து நிற்பதைப் பார்த்துக் கலங்கக் கூடாது. கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயமே அல்ல. சொந்த நம்பர், சொந்த மெயில், இல்லையென்றால் டாக்டரிடம் நேரில்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பிராக்கா சோதனை எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த வயதில் அதை வைத்துச் செய்ய ஒன்றும் இல்லை, முடிவு அந்தப் பிள்ளையின் உரிமை. கண் புற்றுக்கான ஆர்பி 1, குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் (சிறு சதை வளர்ச்சி) வரும் ஏபிசி, தைராய்டுக்கான ரெட், இவை வேறு கதை. சிறுவயதிலேயே செய்ய வேண்டிய கண்காணிப்பும் சிகிச்சையும் அவற்றில் உண்டு.

இனி ரிப்போர்ட். பல பக்கத்தில் வரும், வாசிக்க வேண்டியது முதல் பக்கத்து ஒரு வரி. இப்படி இருக்கும்: ‘பிஆர்சிஏ 1, என்எம் 007294, எக்ஸான் 2, சி.68_69டெல்ஏஜி, ஹெட்டிரோசைகஸ், பேத்தோஜெனிக்.’ மரபணுவின் பெயர் முதலில். என்எம் எண் என்பது எந்தப் பிரதியை வைத்து எழுத்துகளை எண்ணினார்கள் என்பதற்கான குறிப்பு. 68, 69-ஆவது எழுத்துகளான ஏ, ஜி இரண்டும் விடுபட்டிருக்கின்றன. மூன்று மூன்றாக வாசிக்கப்படும் எழுத்தில் இரண்டு போனால் அதற்கப்புறம் எல்லாம் தடம் புரளும், புரதம் தொடக்கத்திலேயே அறுந்து நின்றுவிடும். ஹெட்டிரோசைகஸ் என்றால் இரண்டு பிரதியில் ஒன்றில் மட்டும். பேத்தோஜெனிக் என்றால் நோய் உண்டாக்கும் என்று தீர்மானமானது. இந்தக் குறிப்பிட்ட மாற்றம் யூதக் குடும்பங்களில் அதிகம் என்று பேர் வாங்கியது, தமிழ்நாட்டுக் குடும்பங்களிலும் பதிவாகியிருக்கிறது. அந்த வரியை எழுத்துப் பிசகாமல் வைத்திருந்தால் சொந்தக்காரர் எவரும் எந்த ஊரிலும் சோதித்துக்கொள்ளலாம். பல வீடுகளில் ‘பிராக்கா பாசிட்டிவ்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு தாளைத் தொலைத்துவிடுகிறார்கள்.

தரம் ஐந்து: பேத்தோஜெனிக், லைக்லி பேத்தோஜெனிக், வியுஎஸ், லைக்லி பினைன், பினைன் (கெடுதல் இல்லாதது). 2015-ல் அமெரிக்க மருத்துவ மரபியலார் வகுத்த வழிமுறை இது, நம் லேப்களும் இதையே பின்பற்றுகின்றன. நடுவில் நிற்கும் வியுஎஸ்தான் தொல்லை. மாற்றம் ஒன்று தென்படுகிறது, கெடுதலா இல்லையா என்று இன்னும் தீர்மானமாகவில்லை என்று பொருள். உலகத் தரவுத்தளங்களில் நம்மவர்கள் குறைவு, அதனால் நமக்கு இந்தப் பதில் கூடுதலாக வருகிறது. பேனலில் மரபணு கூடக்கூட இதுவும் கூடும். ‘நூறு மரபணு பார்க்கிறோம்’ என்ற விளம்பரத்தைக் கேட்டு மயங்க வேண்டாம் என்பதற்கு இதுவே போதும். வியுஎஸ்ஸை வைத்து மார்பை எடுப்பதோ, சினைப்பையை எடுப்பதோ, தங்கச்சிக்குச் சோதனை செய்வதோ கூடாது. அந்த மாற்றமே தென்படாமல் இருந்திருந்தால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிக் குடும்ப வரலாற்றை வைத்தே கண்காணிப்பு. பின்னாளில் தரம் மாற்றப்படுகிற வியுஎஸ்களில் பெரும்பாலானவை கெடுதல் இல்லாத பக்கமே போகின்றன.

ரிப்போர்ட் வந்தபின் கவுன்சிலர் பேசுவது பத்து நிமிடமாகச் சுருங்கினால் அது குறை. நல்ல கவுன்சிலர் தமிழில் பேசுவார், சதவீதத்தை ஆளாக மாற்றிச் சொல்வார். 2017-ல் வெளியான, 9,856 பேரைக் கொண்ட ஆய்வின் கணக்கு: பிராக்கா 1 கோளாறுள்ள நூறு பெண்களில் 80 வயதுக்குள் சுமார் 72 பேருக்கு மார்பகப் புற்று, 44 பேருக்கு சினைப்பைப் புற்று. பிராக்கா 2-ல் 69 பேர், 17 பேர். அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி என்பதை ‘நாலு பிள்ளைன்னா ரெண்டுக்கு வரும்’ என்று விளக்கினால் தப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பூவா தலையா, நாலுக்கும் வரலாம், ஒன்றுக்கும் வராமலும் போகலாம்.

அடுத்து என்ன செய்வது என்பதில் அவசரம் காட்ட வைக்கிற ஆஸ்பத்திரிகளிடம் கொஞ்சம் விலகியே நிற்கலாம். பிராக்கா கோளாறுள்ள பெண்ணுக்குப் பொதுவான வழிகாட்டல் இது: 25 வயதிலிருந்து ஆண்டுக்கொரு மார்பக எம்ஆர்ஐ, 30-லிருந்து மேமோகிராமும் சேர்த்து. மாதவிலக்கு தொடங்கி 7 முதல் 15-ஆம் நாளுக்குள் எம்ஆர்ஐ எடுத்தால் படம் தெளிவாக இருக்கும். ஸ்கேன் சென்டரில் முன்பதிவு செய்யும்போதே ‘பிரெஸ்ட் காயில் (மார்பகத்துக்கென்று உள்ள கருவி) இருக்கா’ என்று கேளுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சு ஸ்கேன் எடுத்துத் தந்தால் அது இந்தச் சோதனை அல்ல. குப்புறப் படுத்து, கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுப்பதுதான் சரி, அதற்கு முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியாட்டினின் பார்ப்பார்கள்.

சினைப்பைக்கு நம்பகமான கண்காணிப்பு இல்லை. ஸ்கேனும் சிஏ 125-ம் சேர்ந்தும் முற்றின பிறகே பல சமயம் காட்டுகின்றன. அதனால்தான் பிள்ளை பெற்று முடித்தபின், பிராக்கா 1-க்கு 35 முதல் 40 வயதுக்குள், பிராக்கா 2-க்கு 40 முதல் 45-க்குள் சினைப்பை, குழாய் இரண்டையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். சினைப்பைப் புற்று ஆபத்து இதில் சுமார் 80 சதவீதம் குறையும். ஆபரேஷனுக்கு முன் இரண்டு விஷயத்தைச் சர்ஜனிடம் பேசி எழுதிவாங்க வேண்டும். ஒன்று, எடுத்த குழாயை, முக்கியமாக விரல் மாதிரி விரிந்திருக்கும் நுனியை, மெல்லிய துண்டுகளாக முழுவதும் வெட்டிப் பார்க்கச் சொல்லிப் பேத்தாலஜிக்கு அனுப்புவது. பெரும்பாலான இந்தப் புற்று அந்த நுனியில்தான் பிறக்கிறது, மாதிரிக்கு ஒரு துண்டு பார்த்தால் ஒளிந்திருப்பது தப்பிவிடும். மற்றொன்று, மறுநாளே மாதவிடாய் நின்றுபோன நிலை வரும். சூடு பறக்கும், தூக்கம் கெடும், எலும்பு தேயும். மார்பகப் புற்று வராதவர் என்றால் ஹார்மோன் மாத்திரை தரலாமா என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது. மார்பை எடுப்பது ஆபத்தை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும், ஆனால் அங்கே நல்ல கண்காணிப்பு இருப்பதால் வேண்டாம் என்பவர் முடிவும் மதிக்கத்தக்கதே.

ஆண்களை யாரும் கூப்பிட்டுப் பேசுவதில்லை. பிராக்கா 2 உள்ளவர் 40 வயதிலிருந்து புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தச் சோதனை பார்க்க வேண்டும், மார்பில் கட்டி தட்டுப்பட்டால் வெட்கப்படாமல் காட்ட வேண்டும். லிஞ்ச் உள்ளவருக்கு ஆணென்ன பெண்ணென்ன, எம்எல்ஹெச் 1, எம்எஸ்ஹெச் 2 என்றால் 20 முதல் 25 வயதிலிருந்தே ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு கொலோனோஸ்கோப்பி. குடலைச் சுத்தம் செய்யும் மருந்தை ஒழுங்காகக் குடிக்காமல் போனால் சின்னப் பாலிப் தெரியாது.

சொந்தங்களுக்குச் சொல்லும் கடிதம் ஒன்றை லேப்கள் ரிப்போர்ட்டோடு தரலாம். கேட்டால்தான் தருவார்கள், வருவது ஆங்கிலத்தில். களக்காட்டுப் பெரியம்மாவுக்கு அது என்ன புரியும்? தமிழில் இப்படி எழுதினால் போதும்:

‘அன்புள்ள அண்ணனுக்கு, எனக்கு வந்த நோய்க்குக் காரணம் பிறவியிலேயே வந்த ஒரு மரபணுக் கோளாறு என்று சோதனையில் தெரிந்திருக்கிறது. இது அப்பாவழியிலா அம்மாவழியிலா என்று இன்னும் தெரியாது. உங்களுக்கும் இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு, இல்லாமலிருக்கவும் பாதி வாய்ப்பு. இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்றில்லை. உங்களுக்கு இருந்தால்தான் பிள்ளைகளுக்குப் பார்க்கணும், இல்லையென்றால் அவங்களுக்கு இந்தப் பயம் வேண்டாம். ரிப்போர்ட்டின் முதல் பக்கம் கூட வைத்திருக்கிறேன். எப்போது பார்க்கணும், பார்க்கவே வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். மதினியிடமும் சொல்லுங்கள்.’

பணத்தைப் பொறுத்தவரை, பேனல் விலை லேபுக்கு லேப் மாறும். பேரம் பேசுவதைவிட என்னென்ன அடங்கும் என்று கேட்பதில் லாபம் அதிகம்: எம்எல்பிஏ, இரண்டு கவுன்சலிங், குடும்பத்தாருக்கு ஒற்றை இடச் சோதனையில் சலுகை, அந்தச் சலுகைக்குக் கெடு எத்தனை நாள். மருத்துவக் காப்பீட்டில், ‘மரபணு நோய்’ என்ற ஒரே காரணத்தைச் சொல்லி க்ளெய்மைத் தள்ளுவது செல்லாது என்று 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ-யும் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. ஆனால் புதுப் பாலிசி ஃபாரத்தில் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னால் அது வேறு வழக்காகிவிடும், பாலிசி எடுக்க வேண்டியிருந்தால் அதை முதலில் எடுத்துவிடுகிறவர்கள் உண்டு.

தாராவியிலோ துபாயிலோ இருக்கிற தம்பிமார் ரத்தம் கொடுக்க ஊருக்கு வர வேண்டியதில்லை. முதல் பக்கத்தின் நகல் இருந்தால் மும்பைக்காரர் பரேலில் டாட்டா மெமோரியலிலேயே கேட்டுப் பார்க்கலாம். வியுஎஸ் வந்தவர்கள் மட்டும் ஒரு வேலையைத் தொடர்ந்து செய்ய வேண்டும். தரம் மாறினால் லேப் எழுதுவது ரத்தம் அனுப்பச் சொன்ன டாக்டருக்கு, அவர் அதற்குள் மாற்றலாகி வேறு ஊர் போயிருப்பார். வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கல் கழிந்த வாரம் என்று வைத்துக்கொள்ளலாம், சாம்பிள் எண்ணைப் போட்டு ‘இது இப்போது எந்தத் தரத்தில் இருக்கிறது’ என்று லேபுக்கு ஒரு மெயில்.